மாத ஆதரவு நிறையும்வரை: வெளிநாட்டு ஊழியத்துக்கு ஆயத்தமான ஒரு தம்பதியைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு சபையின் மிஷனெரிக் குழுவில் இருந்து நான் அருகே நின்று பார்த்த நிகழ்வு இது. சம்பந்தப்பட்ட தம்பதி வாசித்து, சம்மதம் சொன்ன பிறகே வெளியாகிறது. பெயர்கள், நாடுகள், நிறுவனம் எதையும் குறிப்பிடவில்லை. பணத்தைத் தொகையாக எழுதாமல், அவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட மாத ஆதரவில் எத்தனை சதவீதம் என்றே எழுதியிருக்கிறேன். ஆயத்தத்தில் இருக்கும் தம்பதிகளுக்கும் அவர்களை அனுப்பப்போகும் சபைகளுக்கும் இது பயன்பட வேண்டும் என்பதே என் எண்ணம்.

பின்னணி

கணவருக்கு 38 வயது, பள்ளியில் கணித ஆசிரியர். மனைவிக்கு 35 வயது, செவிலியர். 9 வயதில் மகள், 4 வயதில் மகன். இருவரும் ஒரே சபையில் வளர்ந்தவர்கள். கணவர் வாலிபர் கூட்டத்தைப் பல வருடம் நடத்தியவர். ஒரு மிஷனெரிக் கூடுகையில் தன்னை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தார். அடுத்த ஆண்டே, மிஷனெரிகளை அனுப்பும் ஒரு நிறுவனம் அவர்களை ஏற்றுக்கொண்டது. பணித்தளம் வேறொரு நாட்டின் மலைப்பகுதி. அங்குள்ள சிறுபான்மை மக்களிடையே எழுத்தறிவுப் பணியும் ஆரம்ப சுகாதாரப் பணியும் செய்ய வேண்டும்.

அந்த நிறுவனம் சம்பளம் தருவதில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் மாத ஆதரவைத் தானே திரட்ட வேண்டும். மாதத் தொகை முழுவதற்கும் வாக்குறுதி கிடைத்து, குடியேறும் செலவுக்கான ஒருமுறை நிதியும் சேர்ந்த பின்னரே பயணச்சீட்டு. கொடுக்கிறவர்கள் வீட்டு வாடகையையும் சாப்பாட்டையும் மட்டுமே மனதில் வைத்துக் கணக்குப் போடுவார்கள். உண்மையான பட்டியலில் பிள்ளைகளின் படிப்பு, மருத்துவக் காப்பீடு, மொழி ஆசிரியரின் ஊதியம், விசா கட்டணம், ஊர் வந்துபோகும் செலவு, நிறுவனத்தின் நிர்வாகப் பங்கு, முதுமைக்கான சேமிப்பு, அவசரமாக நாடு திரும்ப நேர்ந்தால் வேண்டிய கையிருப்பு எல்லாம் இருந்தன. "இவ்வளவா?" என்று பலர் கேட்டார்கள். மிஷனெரி என்றால் குறைவில் வாழ வேண்டும் என்ற எண்ணம் சபைகளில் ஆழமாக இருக்கிறது. காப்பீடு இல்லாத குடும்பம் ஒரு நோயில் ஊழியத்தையே விட்டுவிட்டுத் திரும்பும் என்பதை எடுத்துச் சொன்னால்தான் அவர்களுக்குப் புரிகிறது.

முதல் ஏழு மாதங்கள்

கணவர் ஞாயிறுதோறும் ஒரு சபைக்குப் போனார். பத்து நிமிட சாட்சி, சில படங்கள், முடிவில் காணிக்கை. அன்போடு கொடுத்தார்கள். ஆனாலும் ஏழாம் மாத முடிவில் கையில் இருந்ததில் பெரும்பகுதி அந்தந்த நாளோடு முடிந்துபோன காணிக்கைதான். மாதந்தோறும் தருவதாகச் சொன்னவர்களின் பங்கு 22 சதவீதம்.

அந்தக் கட்டத்தில் குழு உட்கார்ந்து கணக்கையும் கடிதங்களையும் பார்த்தது. கணவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டிருந்தார், தனி ஆட்களிடம் கேட்கவில்லை. மாத வாக்குறுதிக்கான தாளை யாரிடமும் கொடுக்கவில்லை. காணிக்கை தந்த சபைகளில் பாதிக்கு நன்றிக் கடிதம் போகவில்லை. தங்களுக்காக ஜெபிக்கும்படி அச்சடித்துக் கொடுத்த ஜெப அட்டையில், தேவன் கணவரை ஊழியத்துக்கு அழைத்ததைப் பற்றி நான்கு பத்தி இருந்தது. மனைவி அதில் "குடும்பத்தோடு" என்ற ஒரு சொல்லில் அடங்கியிருந்தார். அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஆத்தும ஆதாயம் (மக்களை விசுவாசத்துக்குள் நடத்துவது), சபை நாட்டுதல் (புதிய சபைகளைத் தொடங்குவது) என்ற பதிலே வந்தது. முதல் ஒன்றரை ஆண்டு மொழி படிப்பதிலேயே போகும் என்பதை ஓரிடத்திலும் சொல்லவில்லை.

குழுவை மிகவும் கவலைப்படுத்தியது வேறொன்று. நான்காம் மாதத்திலேயே அவர் வேலையை ராஜினாமா செய்திருந்தார். முழுநேரமும் இதற்காக ஓட வேண்டும் என்ற தாகம்தான் காரணம். வீட்டு வருமானம் மனைவியின் சம்பளம் மட்டுமானது. போதாததற்கு, குடியேறும் செலவுக்கென்று சபைகள் கொடுத்த காணிக்கையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. முன்பு குடும்பச் செலவுக்காக வாங்கிய கடனின் தவணையும் அதிலிருந்துதான் போனது. ஏமாற்றும் நோக்கம் துளியும் இல்லை. எடுத்த ஒவ்வொரு தொகையையும் நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஆனால் எல்லாம் அவருடைய சொந்த வங்கிக் கணக்கில் ஒன்றாகக் கிடந்தது. ஒரு நோக்கத்துக்குக் கொடுத்த பணம் இன்னொன்றுக்குப் போவது தெரிய வந்தால், கொடுத்தவர்கள் அந்தக் குடும்பத்தை மட்டுமல்ல, அடுத்து வரும் மிஷனெரியையும் நம்பமாட்டார்கள்.

மனைவியிடம் தனியே பேசியது

நீண்டகாலம் பணித்தளத்தில் இருந்து திரும்பிய மூத்த சகோதரி ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். இருவரையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்தான். நிறுவனத்தின் நேர்காணலில் தம்பதியர் ஒன்றாகவே உட்கார்ந்திருந்தார்கள். பதில்களைக் கணவர் சொன்னார், மனைவி தலையாட்டினார்.

தனியே பேசியபோது மனைவி சொன்னதை, அவர் அனுமதியோடு, அப்படியே தருகிறேன்: "அக்கா, வரமாட்டேன்னு நான் சொல்லல. அவருக்கு வந்த அழைப்பை நானும் நம்புறேன். ஆனா உனக்கு என்ன தோணுதுன்னு இதுவரைக்கும் என்னை யாரும் கேக்கல."

பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தது. அவருடைய தாய் விதவை, சிறுநீரக நோயாளி. இவர் ஒரே பிள்ளை. வாரந்தோறும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது இவர்தான். மகள் கொஞ்ச நாட்களாக வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தாள். பள்ளித் தோழிகளை விட்டுப் போவதைப் பற்றி ஒருமுறை அழுதபோது, விசுவாசமாக இருக்க வேண்டும் என்று கண்டித்திருக்கிறார்கள். அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த வாரக் கூட்டத்தில் எங்கள் போதகர், இந்தியாவில் வேதத்தைப் பல மொழிகளில் மொழிபெயர்த்த மிஷனெரி வில்லியம் கேரியின் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். 1793-இல் கேரி இந்தியாவுக்குப் புறப்பட ஆயத்தமானபோது அவர் மனைவி டாரதி நிறைமாத கர்ப்பிணி. வர மறுத்தார். முதலில் ஏறிய கப்பலில் பயணம் தடைபட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாதது ஒரு சிக்கல், உடன் சென்ற ஜான் தாமஸைக் கடன்காரர்கள் தேடிக்கொண்டிருந்தது இன்னொன்று. அந்த இடைவெளியில் டாரதியை மறுபடியும் வற்புறுத்தினார்கள். தங்கை உடன் வந்தால் வருகிறேன் என்று கைக்குழந்தையோடு அவசரமாகக் கிளம்பினார். வங்காளத்தில் ஒரு மகனை இழந்தார். அதன் பின் மனநோயில் விழுந்து, 1807-இல் இறக்கும்வரை மீளவில்லை. கேரி செய்த மொழிபெயர்ப்புப் பணியின் மகத்துவம் யாருக்கும் தெரியும். அந்த வீட்டுக்குள் நடந்ததையும் சேர்த்துத்தான் அனுப்பும் சபை படிக்க வேண்டும் என்றார் போதகர். மனைவியின் அவசரச் சம்மதம், தீராத கடன் என்று எங்கள் முன்னால் இருந்த இரண்டுமே அந்த வரலாற்றில் இருந்தன.

நிறுத்திவைக்க எடுத்த முடிவு

சபைகளுக்குப் போவதை மூன்று மாதம் நிறுத்தச் சொன்னோம். கணவருக்கு அது கடினமாக இருந்தது. வேகம் குறைந்தால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்று பயந்தார். நியாயமான பயம். ஆனாலும், இருவரும் ஒருமனப்படாத குடும்பத்துக்காக மற்றவர்களிடம் மாத வாக்குறுதி கேட்பது முறையல்ல என்று குழு எண்ணியது.

அந்த இடைவெளி நான்கு மாதமாக நீண்டது. கணவர் ஒரு பள்ளியில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தார். ஊழியப் பணத்துக்குச் சபையின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வைத்தோம். எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. குற்றம் சொல்ல இடமில்லாதபடி சபைகள் தெரிந்தெடுத்தவர்களைக் கூட வைத்துக்கொண்டார் என்று 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரம் சொல்கிறது. கணவரின் நேர்மையை யாரும் சந்தேகிக்கவில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க இந்தப் பகுதி உதவியது. செலவான காணிக்கையை அவரே மாதாமாதம் திருப்பிச் செலுத்தினார். கடனும் அடைந்தது.

மனைவியின் தாயைக் கவனிப்பதற்குச் சபையின் இரண்டு குடும்பங்கள் முன்வந்தன. வாய்வார்த்தையோடு விடவில்லை. மருத்துவமனைக்கு யார் எந்த நாளில் கூட்டிப்போவது, இரவில் அழைத்தால் யார் போவது என்று எழுதியே வைத்தார்கள். அந்தத் தாயும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டார்.

பிறகு இருவரும் இரண்டு வாரம் பணித்தளத்தைப் பார்த்து வந்தார்கள். அங்கிருந்த சிறு சுகாதார நிலையத்தில் மனைவி சில நாட்கள் நின்றார். பிரசவத்துக்கு வரும் பெண்கள் ஆண் பணியாளரிடம் எதையும் சொல்லத் தயங்குவதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து குழுவின் முன் தன் வாயால் தன் அழைப்பைச் சொன்னார். கூடவே இரண்டு நிபந்தனைகள்: கணவரைப் போலவே தானும் முழுநேரம் மொழி படிக்கப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும், பிள்ளைகளின் படிப்பை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். முதல் நிபந்தனையை மிகவும் மதிக்கிறேன். மொழி தெரியாத மனைவி பணித்தளத்தில் நான்கு சுவருக்குள் தனித்துப்போவதைப் பல குடும்பங்களில் கண்டிருக்கிறோம்.

கேட்பதா, கேட்காமல் ஜெபிப்பதா

மறுபடி தொடங்கும்போது கணவரின் மனதில் நெடுநாள் இருந்த போராட்டம் வெளியே வந்தது. தேவையை மனிதரிடம் சொல்வதே விசுவாசக் குறைவு என்று அவர் உள்ளூர நம்பினார். அதனால்தான் கூட்டத்தின் முன் பொதுவாகப் பேசிவிட்டு, எந்த முகத்தையும் பார்த்துக் கேட்காமல் வந்திருக்கிறார். மனிதரிடம் பணம் கேட்காமல் ஜெபித்தே ஊழியம் செய்த இருவர் அவருக்கு முன்மாதிரிகள்: இங்கிலாந்தில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர், 1865-இல் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கிய ஹட்சன் டெய்லர்.

அந்த நம்பிக்கையைக் குழு குறைத்துப் பேசவில்லை. ஆனால் வேதத்தில் ஒரே வழி மட்டும் இல்லை என்பதைப் போதகர் அவரோடு உட்கார்ந்து படித்தார். கொரிந்துவில் பவுல் தனக்கு உரிமை இருந்தும் வாங்கவில்லை. பிலிப்பியர் அனுப்பியதை மகிழ்ச்சியோடு வாங்கினார். ஸ்பெயினுக்குப் போகும் வழியில் உங்களால் வழிவிட்டனுப்பப்பட வேண்டும் என்று, தான் அதுவரை பார்க்காத ரோமாபுரி சபைக்கே எழுதினார். முல்லரும் பணம் கேட்கவில்லையே தவிர, வரவுசெலவையும் ஜெபத்துக்குக் கிடைத்த பதில்களையும் ஆண்டறிக்கையாக அச்சிட்டார். ஜனங்கள் ஒன்றும் தெரியாமல் கொடுக்கவில்லை.

இதிலிருந்து ஒரு முறை உருவானது. வீடுகளுக்கு இருவருமாகப் போவது. செலவுத் தாள் முழுவதையும் மேசைமேல் வைப்பது. முதல் ஒன்றரை ஆண்டு மொழிப் படிப்புதான், அதில் சொல்வதற்குப் பெரிய சாட்சிகள் இராது என்பதை முதலிலேயே சொல்வது. கடைசியில் நேராக ஒரு கேள்வி: "மாதந்தோறும் எங்களைத் தாங்க முடியுமா என்று ஜெபித்துச் சொல்வீர்களா? இரண்டு வாரம் கழித்து அழைக்கிறோம்." அழைப்பதாகச் சொன்ன நாளில் தவறாமல் அழைப்பது.

மனைவி பேசத் தொடங்கியதும் நிலைமை மாறியது. அவரோடு வேலை செய்த செவிலியர்கள் சிலர் கூடிப் பேசி ஒரு மாதப் பங்கை எடுத்துக்கொண்டார்கள். கணவரின் பழைய மாணவர்கள் வந்தார்கள். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தாய் மிகச் சிறிய தொகை தந்தார். ஆனால் காப்பீடு எதையெல்லாம் ஏற்கும், பிள்ளைக்கு எந்த மொழியில் பாடம் என்று அவரைப் போல யாரும் கேள்வி கேட்கவில்லை. பின்னாட்களில் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் எழுதியவரும் அவர்தான். ஐந்து மாதத்தில் ஆதரவு 61 சதவீதமானது.

ஒரே கையிலிருந்து வந்த பெருங்கொடை

அப்போது ஒரு தொழிலதிபர், மீதமுள்ள 39 சதவீதத்தையும் மூன்றாண்டுக்குத் தானே தருவதாகச் சொன்னார். நல்ல விசுவாசி, பல ஊழியங்களைத் தாங்குகிறவர். எழுத்தில் நிபந்தனை ஏதும் வைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எத்தனை பேர் கர்த்தரை ஏற்றுக்கொண்டார்கள் என்ற விவரம் வந்தால் மகிழ்வேன் என்று மட்டும் சொன்னார்.

குழு இரண்டாகப் பிரிந்தது. தேவன் தந்த பதிலை ஏன் தள்ள வேண்டும், அடுத்த மாதமே போகலாமே என்றது ஒரு தரப்பு. மறு தரப்பின் கவலைகள் மூன்று. அவர் தொழில் சரிந்தால் குடும்பம் அந்நிய நாட்டில் பாதியில் நிற்கும். மொழி படிக்கும் காலத்தில் எண்ணிக்கை கேட்கும் ஒருவருக்கு எழுதும் கடிதம், காலப்போக்கில் உண்மையை மிஞ்சத் தொடங்கும். 39 சதவீதத்தை ஐம்பது வீடுகள் தந்தால் ஐம்பது வீடுகளில் ஜெபம் இருக்கும்.

நீண்ட ஜெபத்துக்கும் பேச்சுக்கும் பிறகு, எந்தத் தனி நபரின் பங்கும் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று முடிவானது. மிச்சத்தை அவசரக் கையிருப்புக்கும் குடியேறும் நிதிக்கும் ஒரே முறையாகத் தரும்படி அவரிடம் கேட்டோம். முதலில் மனம் வருந்தினார். தம்பதியர் நேரில் போய்ப் பேசினார்கள். அவர் அமைதியாகக் கேட்டு, பிறகு ஒப்புக்கொண்டு, கேட்டதற்கு மேலேயே தந்தார்.

இந்த முடிவுக்கு விலை இருந்தது. மீதியைச் சேர்க்க இன்னும் ஐந்து மாதம் ஆனது. விசா அனுமதியின் காலம் ஒருமுறை கடந்துபோய், கட்டணத்தை மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது. சபையில் சிலர், குழு விசுவாசத்தை விட்டுக் கணக்குப் பார்க்கிறது என்று பேசினார்கள். கணவர் ஒரு கட்டத்தில் மிகவும் சோர்ந்தார். மகளின் பள்ளியில் பிரியாவிடை சொல்லிவிட்டு, புது வகுப்பில் அவளை மறுபடி சேர்க்க நேர்ந்த அந்த ஜூன் மாதம் அந்த வீட்டுக்கு இலகுவாக இருக்கவில்லை.

புறப்பாடும் முதல் தவணையும்

நிறுவனம் ஏற்றுக்கொண்டதிலிருந்து ஏறத்தாழ 2 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்டார்கள். வாக்குறுதி 100 சதவீதம் இருந்தது. உண்மையில் மாதாமாதம் வந்தது 90 சதவீதத்தை ஒட்டியே. மறதி, வேலையிழப்பு, வீடு மாறுதல் என்று காரணங்கள் சாதாரணமானவை. நாணய மாற்று விகிதம் பாதகமாக நகர்ந்தபோது இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஒருமுறை நிதியில் மிஞ்சியதைக் கொண்டு சமாளித்தார்கள்.

ஆதரவாளர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தை இருவரும் மாறி மாறி எழுதினார்கள். மொழியில் தடுமாறியதையும் சந்தையில் அவமானப்பட்டதையும் மறைக்கவில்லை. ஒரே ஒரு சபை, செய்தி இல்லை என்று சொல்லி ஆதரவை நிறுத்தியது. மற்றவர்கள் நின்றார்கள்.

இரண்டாம் ஆண்டில் மகனுக்குக் கடும் காய்ச்சல் வந்து பெரிய நகரத்துக்கு அவசரமாகக் கொண்டுபோக நேர்ந்தபோது, தொழிலதிபர் தந்த கையிருப்பிலிருந்துதான் செலவானது. அதே ஆண்டில் அவர் தொழிலும் சரிந்தது. மாதப் பங்கைப் பாதியாக்க வேண்டியிருப்பதை அவரே வெட்கத்தோடு தெரிவித்தார். அதைக் கொண்டு எங்கள் முடிவு நிரூபணமானது என்று எழுத நான் விரும்பவில்லை. தொழில் நன்றாக நடந்திருக்கவும் கூடும். குடும்பம் தடுமாறாமல் நின்றது என்பதையே பதிவு செய்கிறேன்.

மனைவியின் தாய் அந்த ஆண்டின் இறுதியில் இறந்தார். இரண்டு குடும்பங்களும் கடைசிவரை உடனிருந்தன. மனைவி ஊர் வந்து சேர்ந்தபோது தாமதமாகிவிட்டது. அந்தத் துக்கத்துக்கு எந்த ஏற்பாடும் ஈடாகாது. சில மாதம் அவரால் பணியில் மனம் வைக்க முடியவில்லை. நிறுவனம் அவகாசம் கொடுத்தது.

பணியின் முதல் தவணையான மூன்றாண்டு முடிவில் விடுமுறைக்கு வந்தார்கள். கணவர் எழுத்தறிவு வகுப்புக்கான முதல் பாடநூலை அம்மக்களின் ஆசிரியர்களோடு சேர்ந்து முடித்திருந்தார். மனைவி மொழியில் அவரைவிடத் தேர்ந்திருந்தார். இப்போது இரண்டாம் தவணையில் இருக்கிறார்கள். மகளின் மேல்நிலைப் படிப்பு நெருங்குவதால் இந்தத் தவணையை இரண்டாண்டாகச் சுருக்கியிருக்கிறார்கள். அதன் பிறகு என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை.

நடைமுறையில் மாறியவை

1990-களில் உலக சுவிசேஷ ஐக்கியத்தின் மிஷன் குழு 14 நாடுகளில், மிஷனெரிகள் ஏன் பாதியில் திரும்புகிறார்கள் என்று ஆராய்ந்தது. புதிதாக அனுப்பத் தொடங்கிய நாடுகளில் முன்வரிசையில் நின்ற காரணங்களில் ஒன்று, சொந்த நாட்டிலிருந்து வரும் ஆதரவின் குறைவு. எங்கள் சபை தன் நடைமுறையைத் திருத்தும்போது அதை மனதில் வைத்தது.

இப்போது கணவன், மனைவி இருவரையும் நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னரே தனித்தனியே சந்திக்கிறோம். எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளோடும், அவர்களுக்குப் பழக்கமான ஒருவரைக் கொண்டு பேசுகிறோம். கடனும் பெற்றோரின் பராமரிப்பும் முதல் சந்திப்பிலேயே கேட்கப்படும் கேள்விகள். மாத ஆதரவு 75 சதவீதத்தைத் தொடும்வரை வேலையை விட வேண்டாம் என்று சொல்கிறோம். ஊழியக் கணக்கு முதல் காணிக்கைக்கு முன்பே திறக்கப்படுகிறது. வாக்குறுதியில் பத்தில் ஒரு பங்கு வராது என்று எடுத்துக்கொண்டு, இலக்கையே 110 சதவீதமாக வைக்கிறோம். தனி நபர் வரம்பு 15 சதவீதம் தொடர்கிறது. அதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பதால் யார் மனமும் நோகாமல் இருக்கிறது.

விடுமுறைக்கு வந்த மூன்று மாதமும் இந்தக் குடும்பம் நான்கு வீடுகளில் மாறி மாறித் தங்கியது. ஊர் திரும்பும் காலத்துக்கான வாடகை எந்தப் பட்டியலிலும் இல்லை. பிள்ளைகளுக்குப் படிக்க மேசைகூட இல்லாமல் போனது. தற்போது ஆயத்தத்தில் இருக்கும் அடுத்த தம்பதியின் செலவுத் தாளில் அதற்கு ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த வரியைச் சபையே ஏற்றிருக்கிறது.